அணைக்கக் கூடாது

இல்லை மேடம், இரண்டும் ஒன்றில்லை. உங்கள் அக்கா மகன் கைப்பேசியில் விளையாடுவது அந்த ஆட்டத்தின் நகல். படம் அதேதான், சத்தமும் அதேதான். ஆனால் நகலில் செத்துப்போனால் பத்து நொடி பின்னால் போய் மறுபடி உயிரோடு வந்துவிடலாம். காசு போட்டு ஆடும் எங்கள் இயந்திரத்தில் செத்தால் செத்ததுதான். இதை என் இணையப் பக்கத்தில் எழுதினால் இளைஞர்கள் என்னைக் கிழவன் என்கிறார்கள். எனக்கு நாற்பத்தாறு வயதுதான் ஆகிறது.

காபிக்கு நன்றி. சர்க்கரை போதும்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். இயந்திரத்தைப் பற்றிச் சொல்லாமல் நேற்று, புதன்கிழமை, நடந்ததை மட்டும் சொன்னால், நான் ஏதோ கெட்ட எண்ணத்தோடு செய்த மாதிரி இருக்கும். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

பெயர் ஆர்ட்டெமியோ. எங்கள் மாசின் ஊரில் எல்லோருக்கும் தெம்யோ. மின்விசிறி, சோறு வேகவைக்கும் பானை, ரேடியோ எல்லாம் பழுது பார்ப்பேன். மிச்ச நேரத்தில் பழைய ஆட்டங்களைப் பற்றி இணையத்தில் ஒரு பக்கம் நடத்துகிறேன். அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். கனமான பழைய திரையில் பார்த்த பச்சைக்கும் தட்டைத் திரையில் பார்க்கும் பச்சைக்கும் என்ன வித்தியாசம் என்று நாங்கள் மூன்று வாரம் பேசியிருக்கிறோம். பேசி முடியவில்லை.

இயந்திரம் விமானத்தில் பறந்து சுடும் ஆட்டம். பெரிய கடைவளாகத்தின் இரண்டாம் மாடியில் நின்றது. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், பிப்ரவரியில், ஒரே காசில் எண்பத்தேழு லட்சத்து நாற்பத்தோராயிரத்து முந்நூறு புள்ளி எடுத்தேன். திரையின் உச்சியில் என் பெயரின் மூன்று எழுத்து ஏறியது. அந்தக் காலத்து மின்சுற்றுப் பலகைக்கு ஞாபகம் கிடையாது, மேடம். மின்சாரம் இருக்கிற வரைதான் அந்த எண் இருக்கும். ஒரு நொடி போய் வந்தாலும் யாரும் விளையாடவே இல்லை என்பது போல, தொழிற்சாலையில் போட்டு வைத்த ஐம்பதாயிரத்துக்குத் திரும்பிவிடும். மற்ற ஊர்களில் கடை சாத்தும்போது அணைத்துவிடுவார்கள். என் இயந்திரத்தை யாரும் அணைத்ததில்லை.

அதற்குக் காரணம் மானோங் பொனிங், எனக்கு அண்ணன் மாதிரி. ஆமாம், அவர்தான். அப்போது அந்த வளாகத்தின் காவலாளி. அன்று காலை நான் கடைசிக் கட்டத்தில் இருந்தபோது மின்பணியாளர் ஒருவர் ஏணியோடு வந்து, மாடிக்கு முழுக்க மின்சாரத்தை நிறுத்தப் போவதாகச் சொன்னார். மானோங் சுவிட்சுப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். "பையன் கடைசிக் கட்டத்துல இருக்கான். அவன் முடிக்கட்டும். அவசரம்னா ஏணிய என் தலமேல சாத்திட்டு ஏறிக்கோ" என்றார். மின்பணியாளர் அரை மணி நேரம் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டார். நான் முடித்தேன்.

அன்றே மானோங் ஓர் அட்டையில் 'அணைக்கக் கூடாது' என்று எழுதி இயந்திரத்தின் சுவிட்சுமேல் ஒட்டினார். ஏழு வருடம் ஒவ்வொரு நாளும் கடை சாத்தும்போது அட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். பிறகு அந்த மாடியை மூடினார்கள். இயந்திரத்தை நான் எடுத்துக்கொண்டேன், எரியும் திரையோடு. இரண்டு லாரி பேட்டரியைக் கட்டி, வண்டியில் ஏற்றி, நடக்கிற வேகத்தில் வந்தோம். மானோங் பின்னால் உட்கார்ந்து பிளக் கழலாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஓட்டுநர் கேட்டார்: "என் மாமியார ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனப்பகூட நான் இவ்ளோ மெதுவா போகல. உள்ள யாரு?"

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், எனக்கும் அவருக்கும் எந்தப் பகையும் கிடையாது. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

இணையத்தில் யாரும் நம்பவில்லை. ஒரு ஆட்டத்தைக்கூட முடிக்காமல், மற்றவர்கள் முடிக்கவில்லை என்று நிரூபிப்பதிலேயே வாழ்நாளைக் கழிப்பவர்கள் அங்கே நிறைய இருக்கிறார்கள். படம் போட்டால் ஒட்டுவேலை என்பார்கள். வீடியோ போட்டால் நகல் ஆட்டம் என்பார்கள். கடைசியில் சிங்கப்பூரில் சாதனைகளைப் பதிவு செய்யும் மிஸ்டர் இயோ, நேரில் வந்து பார்க்கச் சம்மதித்தார். வருகிற சனிக்கிழமை. மூன்று நிபந்தனை போட்டார். திரை அணையாமல் இருக்க வேண்டும். அன்று கண்ணால் பார்த்த ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். அவர் வரும்வரை தினமும் ஒரு படம் என் இணையப் பக்கத்தில் போட வேண்டும். முழு இயந்திரம், சுவர்க் கடிகாரம், இயந்திரத்திலிருந்து பிளக் வரை முழு வயர், எல்லாம் ஒரே படத்தில் தெரிய வேண்டும். ஓரம்கூட வெட்டக் கூடாது. வயரைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. சிலர் இயந்திரத்துக்குள் கணினியை ஒளித்து வைத்து ஏமாற்றுகிறார்கள்.

பிறகுதான் புயல் வந்தது.

என் கூரை போய்விட்டது. மானோங் வீட்டுக்குச் சிமெண்டுத் தளம். அவரே ஆள் அனுப்பினார்: "விமானத்த இங்க கொண்டு வந்து நிறுத்து." அவருடைய கட்டிலுக்கு எதிரே நிறுத்தினேன். ஊரில் மின்கம்பம் ஒன்றுகூட நிற்கவில்லை. தேவாலயக் குழு அவருடைய வீட்டுக்கென்று ஒரு சின்ன ஜெனரேட்டரைக் கொடுத்தது. எனக்குத் தொழில் தெரியும் என்பதால் என் பொறுப்பில் விட்டார்கள். ஒரே ஜெனரேட்டர், ஒரே நீட்டிப்புப் பலகை, இரண்டு பிளக். ஒன்று என் இயந்திரம். இன்னொன்று மானோங்கின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பெட்டி.

எட்டு நாள் இரண்டும் ஓடின. புதன்கிழமை காலை வந்த பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்தது. ஜெனரேட்டருக்கு மூச்சிரைத்தது. இரண்டையும் சேர்த்து இழுக்கும்போது என் திரையில் படம் நாலு ஓரத்திலும் சுருங்கத் தொடங்கியது. அணைவதற்கு முன்னால் அப்படித்தான் ஆகும். லாரி பேட்டரியில் இருபது நிமிடம்தான் மிச்சம். அதை ஏற்ற ஒன்றரை மணி நேரம் வேண்டும். அதுவரை ஜெனரேட்டர் ஒன்றைத்தான் தாங்கும்.

மானோங்கின் மனைவி மானாங் செசிங் பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் மருந்து வரிசையில் நிற்கப் போனார். போகும்போது, "டோங், தம்பி, ரெண்டு மணி நேரம்தான். அவர் பக்கத்துலயே இரு, எங்கயும் போயிடாத" என்றார். நான் எங்கேயும் போகவில்லை, மேடம். அந்த அம்மா சொன்ன மாதிரியே பக்கத்திலேயே இருந்தேன்.

நான் தன்னிச்சையாக முடிவெடுக்கவும் இல்லை. தனி மனிதன் தவறு செய்யலாம். அதனால் இணையப் பக்கத்தில் ஓட்டெடுப்பு வைத்தேன். அன்று காலைதான் சிக்னல் திரும்பி, புயல் நாட்களில் தேங்கிய படங்களையும் போட்டிருந்தேன். "ஜெனரேட்டர் ஒன்றைத்தான் தாங்கும். பத்தொன்பது வருட ஸ்கோரா, இந்த வீட்டுச் சாமான் ஒன்றா? அரை மணி நேரத்தில் சொல்லுங்கள்" என்று எழுதினேன். எங்கள் பக்கத்தில் யாரும் அரை மணி நேரத்தில் எதற்கும் ஒத்துப்போனதில்லை. அன்று நாற்பத்தேழு பேர் ஸ்கோர் என்றார்கள். ஆறு பேர் சாமான் என்றார்கள்.

அந்த ஆறில் ஒருவர் டாவாவ் ஊர்க்காரர். எதற்கும் குறுக்குக் கேள்வி கேட்பவர். "சாமான்னா என்ன பாஸ், ஃப்ரிட்ஜா?" என்றார். "ஃப்ரிட்ஜைவிடச் சின்னது" என்றேன். உண்மைதான், முழங்கால் உயரம்தான் இருக்கும். அதற்குள் இன்னொருவர், "மீன் கெட்டா வறுத்துத் தின்னுக்கலாம் பாஸ், ஸ்கோர் கெட்டா எதத் தின்னுவ" என்று எழுத, எல்லோரும் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். டாவாவ்காரரின் கேள்வி மேலே போய் மறைந்துவிட்டது. நான் பொய் சொல்லவில்லை. யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

பன்னிரண்டு ஐம்பதுக்குப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன்.

உடனே அது கூவத் தொடங்கியது. இதைப் பற்றி எனக்குப் பல நாளாக ஒரு கருத்து உண்டு. இந்தக் காலத்துக் கருவிகளுக்குப் பொறுமையே இல்லை. கதவு திறந்தால் கூவும், தண்ணீர் கொதித்தால் கூவும். பழைய இயந்திரங்கள் அப்படியில்லை. மின்சாரம் போனால் சத்தமில்லாமல் போய்விடும். நான் பெட்டியை ஒரு துண்டால் சுற்றி அதன்மேல் தலையணையை வைத்தேன். சத்தம் போதுமான அளவு குறைந்தது.

மானோங் கண்ணைத் திறந்தார். மூக்கிலிருந்த குழாயைத் தொட்டுப் பார்த்தார். அதில் ஒன்றும் வரவில்லை என்று தெரிந்திருக்கும்.

"டோங், கரண்டு போயிடுச்சா?"

"இல்ல மானோங், இருக்கு."

அதுவும் பொய்யில்லை. என் திரை அவர் முகத்துக்கு நேராக எரிந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டு, "விமானம் அணையலியே?" என்றார்.

"அணையல."

அவர் தலையை அசைத்தார். மேடம், இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த நேரத்திலும் அவர் கேட்டது பெட்டியைப் பற்றி இல்லை. அந்த ஸ்கோர் என்னுடையது மட்டுமில்லை, அவருடையதும்தான். நான் அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டேன். அவரிடம் ஓட்டுக் கேட்டிருந்தாலும் நாற்பத்தெட்டு ஆகியிருக்கும்.

அதன் பிறகு நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தின் ஓரங்கள் மெல்ல விரிந்து பழைய இடத்துக்கு வந்தன. பார்ப்பதற்கு நிம்மதியாக இருந்தது. பின்னால் அவர் கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினார். சில தடவை. பிறகு நின்றுவிட்டது. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்றுதான் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று இருபத்தைந்துக்கு அன்றைய படத்தை எடுத்தேன். ஓரம் வெட்டாமல் போட்டேன். நாற்பத்தேழு பேருக்கும் நன்றி சொன்னேன். பேட்டரி ஏறியதும் இரண்டேகாலுக்குப் பெட்டியின் பிளக்கை மறுபடி செருகினேன். துண்டை மடித்து வைத்தேன். அடுத்தவர் வீட்டில் ஒரு பொருளை எடுத்தால் இருந்த மாதிரியே வைக்க வேண்டும் என்பது என் பழக்கம். மானாங் வரும்போது பெட்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. காற்று குழாயில் வந்துகொண்டிருந்தது. அவர்தான் அதை எடுத்துக்கொள்ளவில்லை. நுரையீரல் எப்போதோ போன மனிதர்தானே என்று டாக்டரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நீங்கள் என்னைக் கண்டுபிடித்ததாக இந்தப் போலீஸ் நிலையத்தில் பேசிக்கொள்கிறார்கள். கண்டுபிடித்தது எங்கள் ஆட்கள்தான். வேறு யாராக இருந்தாலும் அந்தப் படத்தை நகர்த்திவிட்டுப் போயிருப்பார்கள். எங்கள் ஆட்கள் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். ஏமாற்று இருக்கிறதா என்று வயர் வயராகப் பின்தொடர்வார்கள். டாவாவ்காரர் சாயங்காலம் எழுதினார்: "ஸ்கோர் சுத்தம் பாஸ், வாழ்த்துகள். தரையில கிடக்குற பிளக் எதோடது? அந்தத் துண்டுக்குள்ள என்ன? கட்டில்ல தெரியுற கால் யாரோடது?" படத்தில் கடிகாரம் இருந்தது. நிபந்தனைப்படிதான் போட்டிருந்தேன். அதற்குப் பிறகு நாற்பத்தேழு பேரில் நாற்பது பேர் தங்கள் ஓட்டை எடுத்துவிட்டார்கள். இன்று இணையம் எப்படி ஆகிவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. யாருக்கும் சொன்ன சொல்லில் நிற்கத் தெரியவில்லை.

சரி, நேராகவே சொல்கிறேன். அது அறைக்காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. அது இல்லாமல் அவரால் அரை மணி நேரம் தாங்க முடியாது என்று மானாங் எனக்கு முதல் நாளே சொல்லியிருந்தார். பிளக்கைப் பிடுங்கியது நான். ஒரு மணி இருபத்தைந்து நிமிடம் அது தரையில் கிடந்தது. தெரிந்தேதான் செய்தேன்.

என் பங்கில் ஒரு தவறு இருக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை. நேற்றிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தவர்களில் இந்த ஊரில் மிச்சம் இருந்தது மானோங் மட்டும்தான். மின்பணியாளர் எப்போதோ துபாய்க்குப் போய்விட்டார். சனிக்கிழமை மிஸ்டர் இயோ வந்து சாட்சி எங்கே என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? அவசரத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை. எவ்வளவு பெரிய கவனக்குறைவு.

இயந்திரத்தைச் சாட்சிப் பொருளாக எடுத்துவர மூன்று மணிக்கு ஆட்கள் போவதாகச் சொன்னீர்கள். இப்போது அது பேட்டரியில் ஓடுகிறது. என் கணக்குப்படி ஐந்து வரை தாங்கும். வண்டியிலேயே வேறு பேட்டரி மாற்றலாம், எப்படி என்று வரைந்து தருகிறேன். மெதுவாக ஓட்ட வேண்டும். சுவிட்சுமேல் மானோங்கின் அட்டை இன்னும் இருக்கிறது, அதை எடுத்துவிட வேண்டாம். பின்னால் ஒருவர் உட்கார்ந்து பிளக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வர வேண்டும். மேடம், கொஞ்சம் இரக்கம் காட்டி, உங்கள் ஆட்களிடம் அந்த வயரை மட்டும் பிடுங்காமல் கொண்டுவரச் சொல்வீர்களா?