துண்டு இல்லாத சந்தை

மண்டபத்தின் நடுநாயகமாய் வீற்றிருந்து, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட நம் வர்த்தகர் சங்கத் தலைவர், குஜிலியம்பாறைக் கடலை வியாபாரி, அண்ணன் சோலைமுத்து அவர்களே. அழைப்பிதழிலிருந்து வாசலிலே தந்த ஆரஞ்சு சர்பத் வரை அத்தனையையும் அலுக்காமல் ஏற்பாடு செய்த செயலாளர் இஞ்ஞாசி அவர்களே. மூட்டையைத் தொட்டே எடையைச் சொல்லும் மூத்த வணிகப் பெருமக்களே. கடையைச் சாத்திவிட்டு வந்தவர்களே, சாத்த மனமில்லாமல் மச்சினனை உட்கார வைத்துவிட்டு வந்தவர்களே. முன்வரிசை நாற்காலிகள் முக்கால்வாசி காலியாய்க் கிடக்க, பின்வரிசையிலே நெருக்கியடித்து நிறைந்திருக்கும் தாய்மார்களே, தங்கைமார்களே. நான் விளையாட்டாகச் செய்த விளையாட்டை வினையாகவே எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டருக்குள் குடியேற்றிவிட்ட என் அக்காள் மகள் நான்சியே. உங்கள் எல்லோருக்கும் புளிமண்டி அருளப்பனின் பணிவான வணக்கம், கொஞ்சம் பணிவில்லாத பேச்சுக்கு முன்கூட்டியே ஒரு மன்னிப்பு.

அழைப்பிதழிலே என் பேருக்குப் பக்கத்திலே 'வாழ்த்துரை' என்று போட்டிருக்கிறது. நான்சி நேற்றே வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டாள். "மாமா, குறை ஏதும் இருந்தா வீட்டுல வச்சு என்னையத் திட்டிருங்க. மேடையில நல்லதை மட்டும் சொல்லுங்க." நான் கேட்டேன்: "ஏன் ஆத்தா, சொத்தைப் புளியைக் கடையில வச்சு நல்ல புளின்னும், வீட்டுல வச்சு சொத்தைன்னும் சொல்லுற ஆளா உன் மாமன்?" அவள் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆகவே அவையோரே, வாழ்த்த வரவில்லை, நிறுக்க வந்திருக்கிறேன். ஒரு தட்டிலே நிறை, ஒரு தட்டிலே குறை. அதோடு நிறுத்தமாட்டேன். நாளைக் காலை இதே மண்டபத்திலே தொடங்குகிற நம் சங்கத்துச் 'சந்தை' விளையாட்டுக் கோப்பைப் போட்டியிலே ஒரு பெயர் விடுபட்டிருக்கிறது. அந்தப் பெயரைச் சேர்க்காமல் இந்த மேடையை விட்டு இறங்கப் போவதில்லை.

என்ன இஞ்ஞாசி, அதற்குள் தண்ணீரை நீட்டுகிறீர்? இன்னும் தொண்டை காயவே ஆரம்பிக்கவில்லை.

புதிதாய் வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். 'சந்தை' என்பது ஓர் அட்டை விளையாட்டு. தொண்ணூற்றி ஒன்றிலே, கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்திலே நான் அடித்து வெளியிட்டது. அட்டையைச் சுற்றி நம் ஊர்கள். நத்தத்துக்குப் போனால் புளியும் மாங்காயும், கன்னிவாடிக்குப் போனால் காய்கறி, குஜிலியம்பாறைக்குப் போனால் கடலை. பகடையை உருட்டு, ஊருக்குப் போ, சரக்கை வாங்கு, விலை ஏறும்போது வில். இதெல்லாம் எந்த விளையாட்டிலும் உண்டு. நம் விளையாட்டிலே மட்டும் உண்டு ஒன்று. துண்டு. மாட்டுச் சந்தையிலே பார்த்திருப்பீர்கள். வாங்குகிறவன் கையும் விற்கிறவன் கையும் துண்டுக்கு அடியிலே. விரலைப் பிடித்தால் ஒரு விலை, மடக்கினால் ஒரு விலை. பக்கத்திலே நிற்கிறவனுக்குப் பாதி வார்த்தையும் தெரியாது. அந்தத் துண்டை அப்படியே விளையாட்டுப் பெட்டிக்குள் மடித்து வைத்தேன். பெட்டி விற்றது அட்டைக்காகவா? துண்டுக்காக. பகடைக்காகவா? துண்டுக்காக. திண்டுக்கல்லிலே நான்கு பேர் தலையைக் குனிந்து ஒரு துண்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தால், அது சண்டை இல்லை, 'சந்தை' என்று சொல்லும்படி ஆனது.

இப்போது, அதே 'சந்தை'யைக் கம்ப்யூட்டரிலே ஆடும்படி நான்சி செய்து, இன்று நாம் வெளியிடுகிற சிடிக்கு வருவோம். நிறையை முதலில் வைக்கிறேன். பகடை கண்ணுக்கு முன்னால் திரையிலே உருளுகிறது. உள்ளங்கைக்குள் வைத்து உருட்டுகிற உத்தமர்களுக்கு இனி வேலையில்லை. காய் நகர்ந்தால் நகர்ந்ததுதான். பேச்சுக் கொடுத்துக்கொண்டே முழங்கையாலே காயை ஒரு கட்டம் தள்ளுகிற கலையிலே வல்லவர் ஒருவர் இந்த மேடையிலேயே இருக்கிறார். நான் பெயர் சொல்லமாட்டேன். கடலை வியாபாரி என்று மட்டும் சொல்வேன்.

தலைவர் சிரிக்கிறார். சிரிப்பே சாட்சி.

கணக்கு பிசகுவதில்லை. துணைக்கு ஆள் இல்லாவிட்டாலும் அந்தப் பெட்டியே எதிராளியாய் உட்கார்ந்து ஆடுகிறது. முன்பெல்லாம் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போவதுபோலப் போவோம். இன்று அந்தப் பெட்டி நம் ஊர்ப் பேரைத் தமிழிலே எழுதிக் காட்டுகிறது. 'நத்தம்' என்று திரையிலே பார்த்தபோது, மறைப்பானேன், எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

குறைத்தட்டுக்கு வருகிறேன். மழை. என் அட்டையிலே குஜிலியம்பாறைக்கு மழைச்சீட்டு ஒன்றே ஒன்று. நான்சியின் கம்ப்யூட்டரிலே எல்லா ஊருக்கும் சரிசமமாய் மழை. இடி இடிக்கிறது, மின்னல் வெட்டுகிறது, குஜிலியம்பாறை மானாவாரி நிலத்திலே தண்ணீர் தளும்புகிறது. எந்தக் காலத்திலே நடந்தது இது? நான் சண்டைக்குப் போனேன். தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "விடுங்க தம்பி. நிசத்துலதான் பெய்ய மாட்டேங்குது. அதுலயாச்சும் எங்க ஊருக்குப் பெய்யட்டுமே." சரி, அந்தக் குறையைத் தள்ளுபடி செய்கிறேன்.

தள்ளுபடி செய்ய முடியாத குறை அடுத்தது. 'திரும்ப' என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறாள். அதை அமுக்கினால் விற்ற சரக்கு வீட்டுக்கு வந்துவிடும், கொடுத்த விலை கைக்கு வந்துவிடும். மண்டியிலே சொல் கொடுத்தபின் திரும்ப என்று ஒன்று உண்டா? உண்டென்றால் நாம் எல்லோரும் எப்போதோ கோடீஸ்வரர்கள் ஆகியிருப்போமே. அடுத்து, கரண்டு. விலை உச்சத்துக்கு ஏறி, விற்கப் போகிற நேரத்திலே விளக்கு அணைந்தால் வியாபாரமும் அணைகிறது. அட்டைக்கு அந்த ஆபத்து இல்லை, மெழுகுவத்தி வெளிச்சத்திலும் ஏமாற்றலாம்.

எல்லாவற்றிலும் பெரிய குறை, அந்தப் பெட்டிக்குள் துண்டு இல்லை. விலையை எண்ணாய் அடிக்கிறோம், திரையிலே பட்டவர்த்தனமாய்த் தெரிகிறது. துண்டு இல்லாத சந்தை ஒரு சந்தையா? துடிப்பு இல்லாத ஆட்டம் ஓர் ஆட்டமா? இப்படித்தான், இதே குரலிலே, நான்சியின் கம்ப்யூட்டர் சென்டரிலே நின்று முழங்கினேன். பின்னால் ஒரு குரல் கேட்டது.

"துண்டு இல்லைன்னுதாண்ணே நான் விளையாட வந்தேன்."

திரும்பிப் பார்த்தேன். சென்டருக்குப் பக்கத்திலே வத்தல் கடை வைத்திருக்கிற தங்கச்சி கமர்ஜஹான். அவர் வீட்டுக்காரர் காலமானபின் அந்தக் கடையைக் கைவிடாமல் நடத்துகிறவர். உங்களிலே பாதிப்பேர் வீட்டுக் குழம்பிலே அவர் கடை வத்தல் இருக்கிறது. நான் கேட்டேன், "என்னம்மா சொல்ற, துண்டுதானே இதுல உசுரு?" அவர் சொன்னார்:

"உசுருதாண்ணே. அந்தத் துண்டுக்குள்ள அந்நிய ஆம்பளை கையை நான் பிடிக்க முடியுமா? வீட்டுல பொம்பளைகளுக்குள்ள ஆடுவோம். சங்கத்துக் கோப்பைக்குப் பேர் குடுக்க ஏலாது. சந்தையிலயும் இதே கதைதான். நான் காதுல சொல்லுவேன், என் தம்பி கை போடுவான்."

அவையோரே, பெட்டிக்குள் நான் மடித்து வைத்தது வெறும் துண்டு என்று நினைத்திருந்தேன். பின்வரிசையிலே இருக்கிற அத்தனை பேருக்கும் அது இழுத்துக் கட்டிய திரை. எத்தனை ஆண்டு இந்த மண்டபத்திலே ஆடினோம். ஒரு பெண் பேர் கொடுத்ததுண்டா? ஏன் கொடுக்கவில்லை என்று நம்மிலே ஒருவர் கேட்டதுண்டா? ஆர்வமில்லை என்று நாமாக முடிவு கட்டினோம். அறிவில்லை என்று சிலர் அடக்கமாய்ச் சிரித்தும் கொண்டோம்.

சரி, உட்காரம்மா என்றேன். ஆடினோம். புளியிலே என்னோடு மோத வேண்டாம் என்று பெருந்தன்மையோடு புத்தியும் சொன்னேன். "சரிண்ணே" என்றார். ஆட்டம் பாதி போகவில்லை. நத்தத்துப் புளி முழுவதும் அவர் கையிலே. விலை ஏறுகிறது, விற்க என்னிடம் சரக்கு இல்லை. புளிமண்டி அருளப்பன் புளியில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். சென்டரிலே டைப் அடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் எழுந்து வந்து வேடிக்கை பார்க்கிறார்கள். நான் நைசாக அந்தத் 'திரும்ப' பொத்தான் பக்கம் கையைக் கொண்டுபோனேன். நான்சி கேட்டாள், "மாமா, மண்டியில அப்படி ஒண்ணு உண்டா?"

தோற்றேன். ஒளிக்கவில்லை. எழுந்திருக்கும்போது கேட்டேன், "எப்படிம்மா புளியை வளைச்ச?" அவர் சொன்ன பதிலை இந்த மண்டபத்துச் சுவரிலே எழுதி வைக்கலாம். "நத்தத்துக்குப் புளி வரப்போகுதுன்னு தெரிஞ்சதும் உங்க மூஞ்சியில ஒரு சிரிப்பு வந்துச்சுண்ணே. நீங்க விலையை அடிக்கிறதுக்குள்ள நான் வாங்கிட்டேன்."

வியாபாரம் விரலிலே இருக்கிறது என்று நினைத்தேன். விரலை மறைத்தோம், முகத்தைத் திறந்துபோட்டோம். விலை தெரிந்தால் ஆட்டம் செத்துப்போகும் என்றேன். விலை தெரிந்த ஆட்டத்திலேதான் நான் செத்தேன். இது என் துண்டுக்குப் பட்ட அடி. தாங்கிக்கொண்டேன், நீங்களும் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

அதன்பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. கமர்ஜஹான் கோப்பைக்குப் பேர் கொடுத்தார். நம் செயற்குழு கூடியது. நான் சரக்கு எடுக்க நத்தம் போயிருந்த நாளாய்ப் பார்த்துக் கூடியது. கூடி எடுத்த முடிவு, கோப்பைக்கு அட்டையும் துண்டும், ஆண்களுக்கு மட்டும். கம்ப்யூட்டர் ஆட்டம் 'மகளிர் மற்றும் சிறுவர் பிரிவு', பரிசு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். வத்தல் மண்டியிலே நம்மோடு சரிக்குச் சரி ஏலம் கேட்கிறவருக்கு டிபன் பாக்ஸ். அதற்குமேல் ஒரு சலுகையும் கொடுத்தார்களாம். வேண்டுமென்றால் தம்பி வந்து துண்டுக்குள் கை போடட்டும் என்று. கமர்ஜஹான் என்ன கேட்டார் தெரியுமா?

"விளையாடுறது நானா, அவனாண்ணே?"

இந்தக் கேள்விக்குச் செயற்குழுவிலே பதில் சொன்னவர் யார்? இப்போது சொல்பவர் யார்? இஞ்ஞாசி, நீங்கள் சொல்கிறீர்களா?

என்ன சீட்டு இது? 'நேரம் கருதிச் சுருக்கவும்.' நேரத்தைக் கருதித்தான் பேசுகிறேன். நாளைக் காலைக்குள் முடிவாக வேண்டிய காரியம் இது.

அந்த மூலையிலே ஒருவர் கேட்கிறார், "அப்ப துண்டைத் தூக்கிப் போட்டுறதா அண்ணாச்சி?" போடவேண்டாமய்யா. வீட்டிலே ஆடுங்கள், கூட்டாளிகளோடு ஆடுங்கள். அட்டைப் பெட்டியை நான் தொடர்ந்து விற்பேன், அதை விடுவதற்கு நான் பைத்தியக்காரனா? கோப்பை மட்டும் கம்ப்யூட்டரிலே. அத்தனை குறையையும் அடுக்கிய அதே வாயாலே சொல்கிறேன், கம்ப்யூட்டரிலே. 'திரும்ப' பொத்தானை நாளைக்கு எடுத்துவிடுவதாக நான்சி ஒப்புக்கொண்டாள். கரண்டு போனால் என் குடோன் ஜெனரேட்டர் வாசலிலே நிற்கும். குஜிலியம்பாறைக்கு மழை பெய்துவிட்டுப் போகட்டும். மகளிர் பிரிவு கிடையாது, ஆண்கள் பிரிவு கிடையாது. ஒரே ஆட்டம், ஒரே கோப்பை.

முடியாது என்கிறீர்களா? நல்லது. அந்தக் கோப்பையை ஆண்டுதோறும் வாங்கித் தருகிறவன் நான். அது இப்போது என் மண்டியிலே, புளி மூட்டைக்குப் பக்கத்திலே இருக்கிறது. பேர் சேர்ந்தால் காலையிலே இங்கே வரும். சேராவிட்டால் அங்கேயே இருக்கும், நீங்கள் டிபன் பாக்ஸுக்கு ஆடிக்கொள்ளுங்கள். மிரட்டுகிறானா அருளப்பன் என்று கேட்பீர்கள். ஆமாம், மிரட்டுகிறேன். இத்தனை காலம் ஒரு வார்த்தை பேசாமல், ஒரு துண்டைக் காட்டி நாம் மிரட்டவில்லையா?

உங்கள் பயம் எனக்குத் தெரியும். பண்பாடு கெட்டுவிடும் என்பது வாய் சொல்வது. பொம்பளையிடம் தோற்றால் நாளைக்கு மண்டியிலே எப்படி முழிப்பது என்பது வயிறு சொல்வது. தோற்றவன் சொல்கிறேன், கேளுங்கள். மறுநாள் கடை திறந்தேன். யாவாரம் நடந்தது. புளி புளித்தது. ஒன்றும் குறைந்துவிடவில்லை. தோற்பதற்கு நான் தயார். ஒருவர் பேரை வெளியே நிறுத்திவிட்டு ஜெயிப்பதற்குத்தான் நான் தயாரில்லை.

தலைவர் எழுந்திருக்கிறார். மைக் வேண்டுமா அண்ணே? வேண்டாமாம். இஞ்ஞாசியைப் பார்த்து, "பேரை எழுதுப்பா, எனக்கும் பசிக்குது" என்கிறார். கேட்டுக்கொண்டீர்களா? கைதட்டல் பின்வரிசையிலிருந்து வருகிறது. முன்வரிசையும் மெல்ல மெல்லத் தட்டுகிறது, பரவாயில்லை, வந்து சேருவீர்கள்.

இஞ்ஞாசி, என் கண்முன்னால் எழுதுங்கள். கமர்ஜஹான், வத்தல் வியாபாரம். முதல் ஆட்டத்திலே அவருக்கு எதிரே என் பேரைப் போடுங்கள். இந்தத் தடவை நான் சிரிக்கமாட்டேன்.

என்னம்மா கமர்ஜஹான், பின்னால் இருந்து என்ன சொல்கிறீர்கள்? சத்தமாய்ச் சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும்.

"சிரிக்காம இருக்கணும்னு உதட்டைக் கடிப்பீங்களேண்ணே, அதுவும் எனக்குத் தெரியும்" என்கிறார்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், பொறுமையில்லாமல் சீட்டு அனுப்பிய நண்பருக்கும், திட்டு வாங்கியும் சிரித்துக்கொண்டிருக்கும் நான்சிக்கும், நாளைக் காலை முன்வரிசையிலே வந்து உட்காரப் போகிற தாய்மார்களுக்கும் நன்றியும் வணக்கமும் சொல்லி, தோற்கப் போகிறவனுக்கு உரிய தைரியத்தோடு இறங்குகிறேன்.