தெரிவாகுமுன் சொன்ன நன்றி

ஒருவன் தன் வாழ்வின் பெரிய அடியை எப்போது எடுத்துவைப்பது என்பதை அவன் முடிவு செய்ய வேண்டுமா, அவனுக்காக மகிழ்பவர்கள் முடிவு செய்ய வேண்டுமா? பிரான்காச்சோ என்ற புறநகர்ப் பகுதியிலிருந்து நகருக்கு வந்த பேருந்தில், முன்னிருக்கையில் இருந்த தமிழ்த் தம்பதியின் உரையாடல் இக்கேள்வியை எழுப்பியது. அமெரிக்கக் கல்லூரி அணியில் கூடைப்பந்து விளையாடும் அவர்களுடைய மகனின் குரல் கைபேசியில் உரக்கக் கேட்டது. தொழில்முறை அணிகள் வீரர்களைத் தெரிவுசெய்யும் டிராஃப்டுக்கு அவன் பெயர் கொடுத்திருந்தான்.

“அம்மா, நாளைக்குள்ளை பேரைத் திருப்பி எடுக்கலாம். பிந்தினால் பிறகு கல்லூரிக்கு விளையாடேலாது.”

“திருப்பி எடுக்கிறதோ! ஞாயிற்றுக்கிழமை நன்றிப் பூசைக்கு ஃபாதரிட்டைச் சொல்லிப்போட்டன். கோயில் முழுக்கத் தெரியும்!”

“என்னை இன்னும் ஒருத்தரும் எடுக்கேல்லையம்மா!”

தகப்பன் சிரித்தார். “பொம்பிளை பாக்கமுன்னம் பந்தல் போட்டிட்டாள்!”

“நீங்கள் சும்மா இருங்கோ! தம்பி, இப்பவே போனால் என்ன?”

“இந்தமுறை கடைசியிலைதான் எடுப்பினம், எடுக்காமலும் விடுவினம். இன்னொரு வருசம் விளையாடினால் முன்னுக்கு வருவன், படிப்பும் முடியும்.”

“முழங்காலுக்கு ஏதும் நடந்தால்?”

“படிப்பாவது இருக்குமம்மா.”

“அப்ப பேரைத் திருப்பி எடடா!” என்றார் தாய், பேருந்தே திரும்பிப் பார்க்கும்படி.

இறங்குமுன் அவர் பங்குத்தந்தையை அழைத்தார். ஞாயிற்றுக்கிழமையின் நன்றிப் பூசை, மகனின் படிப்புக்கான வேண்டுதலாக மாறியது.