போணி நேரத்து சப்சிடி

சிட்டிபாபு: ...அப்படிப் பட்டுனு எழுந்துட்டா எப்படி அம்சவேணியக்கா? ஷட்டரைத் தூக்கி பத்து நிமிஷம் ஆவல. ஊதுபத்தி இன்னும் பாதி எரியல. முதல் போணி நீ. வெறுங்கையோட போனீன்னா எனக்கு இன்னிக்கு முழுக்க ஈ கூட வராது.

அம்சவேணி: அதுக்கு நான் இன்னா பண்றது அண்ணா? பேட்டரி ஆட்டோ நல்லாத்தான் கீது. விலைதான் நல்லா இல்ல. என் டீசல் ஆட்டோ இன்னும் நாலு வருஷம் ஓடும்.

சிட்டிபாபு: டீசல் எவ்ளோ துன்னுது, அதையும் சொல்லு.

அம்சவேணி: அது துன்னா துன்னுது. நகரியிலேந்து நூல் மூட்டை ஏத்திக்கினு இந்தப் புத்தூருக்கு வந்து போறேன் இல்ல? பழகின வண்டி.

சிட்டிபாபு: எங்க நிறுத்தி இருக்கே?

அம்சவேணி: பஸ் ஸ்டாண்டு பக்கம்... நீ பேச்சை மாத்தாத. மூணு லட்சத்துத் தொண்ணூத்தஞ்சாயிரம்னு போர்டு போட்டிருக்கியே, மனசாட்சியே இல்லியா?

சிட்டிபாபு: அதுல சர்க்கார் சப்சிடி இருபது போவுது. நீ கட்டறது மூணு எழுபத்தஞ்சு. சர்க்காரே உனக்காக இருபதாயிரம் கட்டுது, நீ என்னடான்னா...

கீர்த்தி: சார், நடுவுல பேசறதுக்கு மன்னிக்கணும். நேத்து போன் பண்ணேனே, திருப்பதியில படிக்கிறேன், கீர்த்தி. பேட்டரி வண்டிக்கு சர்க்கார் கொடுக்கிற சப்சிடி போட்ட காசுக்குப் பலன் தருதான்னு கணக்கெடுக்கிறோம். அக்காகிட்ட ஒரு கேள்வி கேக்கலாமா?

சிட்டிபாபு: கேளும்மா, கேளு. அக்கா அதுக்குள்ள உக்காருவாங்க.

கீர்த்தி: அக்கா, சப்சிடியே இல்லன்னா இந்த வண்டி வாங்கி இருப்பீங்களா?

அம்சவேணி: சப்சிடி இல்லன்னாவா?

சிட்டிபாபு: இன்னா யோசிக்கிறே?

அம்சவேணி: வாங்க மாட்டேன் கண்ணு. எழுதிக்கோ. சப்சிடி கொடுத்தே வாங்க முடியல, அப்புறம் அது இல்லாம எங்க வாங்கறது?

கீர்த்தி: எவ்வளவு குறைஞ்சா வாங்குவீங்க?

அம்சவேணி: இன்னும் ஒரு பதினஞ்சு. அண்ணன் காதுல விழற மாதிரி சத்தமா எழுது.

சிட்டிபாபு: பதினஞ்சா? என் மார்ஜினே அவ்ளோ இல்லக்கா. வேங்கடேசா...

அம்சவேணி: சாமியை மலையிலேந்து இறக்காத. போன வருஷம் இதே வண்டி இன்னா விலை?

சிட்டிபாபு: அதெல்லாம் இப்ப எதுக்கு?

கீர்த்தி: மூணு எண்பது இருந்துச்சுக்கா. இந்தக் கடை மட்டுமில்ல, நான் போன ஆறு கடையிலயும் சப்சிடி வந்த மாசமே விலையும் ஏறி இருக்கு.

சிட்டிபாபு: ஏம்மா, நீ யார் பக்கம்?

கீர்த்தி: நான் யார் பக்கமும் இல்ல சார். கணக்கு பக்கம்.

சிட்டிபாபு: அதி காதம்மா, அப்படி இல்லம்மா... கம்பெனி ஏத்தினது. நான் இன்னா பண்ணுவேன்?

அம்சவேணி: இரு, இரு. மூணு எண்பது மூணு தொண்ணூத்தஞ்சு ஆயிடுச்சு. பதினஞ்சு ஏறுச்சு. சர்க்கார் எனக்குன்னு கொடுத்தது இருபது. அப்போ என் கைக்கு வந்தது அஞ்சு. மீதி பதினஞ்சு கம்பெனி வழியா உன் கல்லாவுக்கு வந்துடுச்சு. எங்க நைனா சந்தையில மாடு வித்தவரு, துண்டுக்குள்ள விரலைப் புடிச்சே கணக்கு போடுவாரு. எங்கிட்டயா?

சிட்டிபாபு: சரேலே, சரி விடு... அஞ்சு குறைக்கிறேன்.

அம்சவேணி: வரேன் அண்ணா.

சிட்டிபாபு: எட்டு.

அம்சவேணி: செருப்பு மாட்டிக்கினேன்.

சிட்டிபாபு: பத்து. பத்துக்கு மேல போனா என் பொண்டாட்டி என்னை இந்த பேட்டரியில ஒயர் போட்டுக் கொளுத்துவா.

அம்சவேணி: அண்ணிகிட்ட நான் பேசிக்கிறேன். படி இறங்கிட்டேன் பாரு. எதிர்ல டீக்கடைக்காரர் வேற பாத்துக்கினு இருக்காரு, முதல் போணி வெறுங்கையா போவுதேன்னு...

சிட்டிபாபு: ஏறு... படி ஏறுக்கா, உனக்குப் புண்ணியமாப் போவட்டும். பதினஞ்சு. மூணு அறுபது. ஆனா எலுமிச்சம்பழம் உன் செலவு.

அம்சவேணி: நாலு பழம் கையிலயே கொண்டாந்துட்டேன். சக்கரத்துக்கு ஒண்ணா மூணு சக்கரத்துக்கு மூணு, மீதி ஒண்ணு உனக்கு, ஜூஸ் போட்டுக் குடி.

சிட்டிபாபு: பழமே கொண்டாந்தியா? ...சரி, கையெழுத்து போடு. இங்க. இங்கயும் ஒண்ணு. பில்லு போட்டாச்சு, சீலும் குத்தியாச்சு. இந்தா சாவி. போணியாச்சு, நல்லா ஓட்டு.

அம்சவேணி: கண்ணு கீர்த்தி, போயிடாத. அந்தக் கேள்விக்குப் பதிலை மாத்திக்கோ.

கீர்த்தி: எந்தக் கேள்விக்கா?

அம்சவேணி: சப்சிடி இல்லன்னா வாங்கி இருப்பியான்னு கேட்டியே. வாங்கி இருப்பேன்னு போடு.

சிட்டிபாபு: சீல் குத்தின அப்புறமா சொல்றே...

அம்சவேணி: முன்னாடி சொல்ல நான் இன்னா பைத்தியமா?

கீர்த்தி: அக்கா, எப்படியும் வாங்கறவங்களுக்கே காசு போவுதுன்னு தெரிஞ்சா, சப்சிடி தண்டம்னு மேல எழுதிடுவாங்க.

அம்சவேணி: எனக்குக் கொடுத்தது தண்டந்தான், எழுது. கீழ இன்னொரு வரியும் எழுது. எங்க தெருவுல மஞ்சு, கங்கம்மா, ஜமீலா மூணு பேரு, நான் ஒரு மாசம் ஓட்டறதைப் பாத்துட்டு வாங்கணும்னு காத்துக்கினு கீறாங்க. அவங்ககிட்ட இருபதாயிரம் குறையுது. சப்சிடி இல்லன்னா அவங்க இந்தப் படியே ஏற மாட்டாங்க. அவங்களுக்குக் கொடுக்கறதுதான் வேலை செய்யற காசு. ஆள் பாத்துக் கொடுங்கன்னு எழுது. விலை ஏத்தாம பாத்துக்குங்கன்னும் எழுது.

கீர்த்தி: எங்க காலேஜ் சார் நாப்பது பக்கத்துல எழுதினதை நீங்க ரெண்டு வரியில சொல்லிட்டீங்க.

சிட்டிபாபு: மூணு பேரும் தாராளமா வரட்டும்மா. ஆனா ஒண்ணு, மத்தியானத்துக்கு மேல வரச்சொல்லு. போணி நேரத்துல வேணாம்.

கீர்த்தி: பதிலை மாத்தினா காரணம் கேக்குதுக்கா இந்த ஃபாரத்துல. என்ன போடட்டும்?

அம்சவேணி: அண்ணன் காதுல விழற மாதிரி சத்தமா எழுது. டீசல் ஆட்டோவை முந்தாநேத்தே வித்தாச்சு. எலுமிச்சம்பழத்தை மடியில கட்டிக்கினு, முதல் பஸ்ஸுல, பொம்பளைங்களுக்கு இலவசமா தர ஜீரோ டிக்கெட்ல வந்தாச்சு. அண்ணன் ஒரு ரூபா குறைக்கலன்னாலும், இந்தப் படியைத் தாண்டிப் போவ எங்கிட்ட வண்டியே இல்ல.