யார் பங்கு எவ்வளவு

கூலிக்காரனாக இருந்த நான் கல்லுக்காட்டைப் பூண்டுத் தோட்டமாக்கினேன். மலைமேல் நாயுடுபுரத்தில் மாடி வீடு கட்டினேன்.

ஒட்டன்சத்திரத்திலிருந்து மலையேறும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஒரு தாயும் கல்லூரியில் படிக்கும் மகளும்.

"வீட்டு வேலையில நூத்துக்கு எம்பது நீ செஞ்சேங்குற. அப்பா எழுபது நாந்தாங்குறாரு. கூட்டினா நூத்தம்பது வருது, எப்படிம்மா?"

"அந்த மனுசன் புளுகுறாரு."

"இல்லம்மா. அவங்கவங்க செஞ்சதுதான் அவங்கவங்களுக்கு ஞாபகம் நிக்குமாம். மனோதத்துவ ஆராய்ச்சியில சொல்றாங்க."

"இதுக்கா கோவிச்சுக்கிட்டு ஒரு மாசமா எங்கண்ணன் வீட்ல கெடந்தேன்?"

"நம்மளக் கூப்பிட அப்பா ஸ்டாண்டுல நிக்கிறாரு. வெரசா எறங்கு."

என் மனைவியும் கோபித்துக்கொண்டு பிறந்த வீடு போனாள். எல்லாம் நான் கட்டியது என்ற திமிரில் கூப்பிடப் போகவில்லை; அங்கேயே இறந்துபோனாள். தோட்டத்தில் அவள் செய்ததை நினைத்துப் பார்க்கிறேன், ஒன்றும் ஞாபகம் வரவில்லை. கூப்பிடப் போகாதது மட்டும் முழுக்க என் பங்கு. அதில் யாரும் குறைக்கக் கூடாது.