நுண்ணோக்கி சொல்லும்வரை பொறுத்திருந்தோம்

தலைமை ஏற்று இந்த அவைக்கு ஒளி கூட்டியிருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, ஆய்வகத்தின் பத்தாம் ஆண்டு விழாவுக்குத் திரண்டு வந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளையை மடியிலும் பொறுமையை மனத்திலும் தாங்கி அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சாப்பாடு எப்போது என்று கடிகாரத்தைக் கேட்கும் நண்பர்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

நான் ரயில் நிலைய அறிவிப்பாளர். ஆம் ஐயா, தாமதத்துக்கு வருந்துகிறோம் என்கிற அதே குரல்தான். இன்று வருந்த வரவில்லை, மகிழ வந்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் வெல்டர். ஒரு மாதமாக விடாத இருமலுக்கு எக்ஸ்ரே எடுத்தபோது நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு நிழல் தெரிந்தது. தைமஸ் என்ற சிறு சுரப்பியில் வளரும் புற்றுநோய். லட்சக்கணக்கானோரில் ஓரிருவருக்கே வருமாம். "பரிசுச் சீட்டுல விழாத அதிர்ஷ்டம் இதுல விழுந்திருக்கு" என்றார் அவர்.

என் அண்ணன் ஓடி வந்தார்.

"மாப்பிள்ளை, எந்த ஸ்டேஜ்?"

"இன்னும் சொல்லல மச்சான்."

"சொல்லலைன்னா நாலுதான்."

படித்தாரா? பார்த்தாரா? பரிசோதித்தாரா? பாவம், பயந்தார். அந்தப் பயத்துக்கு ஓர் எண்ணைச் சூட்டினார். நான் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன்.

அறுவை மருத்துவர் அவசரப்படவில்லை. "எவ்வளவு பெருசு, நுரையீரல்ல ஒட்டியிருக்கா, வேற எங்கயாவது பரவியிருக்கா, இதெல்லாம் ஸ்கேன் காட்டும்மா. ஆனா கட்டியைச் சுத்தி மெல்லிசா ஒரு உறை இருக்கு. அதைத் தாண்டிருச்சான்னு வெளியே எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும். அப்பதான் எந்த நிலைன்னு சொல்லுவேன்."

எடுத்தார்கள். கட்டி கீழ்த்தளத்து ஆய்வகத்துக்குப் போனது. ஒரு வாரம் என்றவர்கள், எட்டாம் நாள் இன்னும் இரண்டு நாள் வேண்டும் என்றார்கள். தையல் பிரிக்காத நெஞ்சோடு இவர் படியிறங்கிவிட்டார். பின்னாலேயே நான் ஓடினேன். அங்கே நுண்ணோக்கியில் கண் பதித்து ஆய்வக மருத்துவர் அம்மா இருந்தார்.

"ஸ்டேஜ் ஒண்ணுன்னு எழுதிடுங்கம்மா. நிம்மதியா தூங்குவேன்" என்றார் இவர்.

"எழுத எவ்வளவு நேரமாகும்? கட்டியைச் சீவி வச்ச முப்பத்தோரு கண்ணாடித் தகடு பார்த்தேன். முப்பது சுத்தம். ஒண்ணுல மட்டும் உறை விட்டுப்போன மாதிரி இருக்கு. கட்டி தாண்டினதா, நாங்க வெட்டும்போது கிழிஞ்சதான்னு இன்னும் சில துண்டு வெட்டிப் பார்க்கணும். தெரியாம உங்க உடம்பைப் பத்தி நான் எழுத மாட்டேன்."

இவர் அந்தத் தகட்டை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு, "நானும் கொதிகலனுக்கு ஒட்டுப் போட்டா, கசியுதான்னு பார்க்காம கையெழுத்துப் போட மாட்டேன். நீங்க பாருங்கம்மா" என்று சொல்லிப் படியேறினார்.

இரண்டு நாளில் விடை வந்தது. ஓரிடத்தில், ஒரே ஓரிடத்தில், கட்டி உறையை மயிரிழை அளவு தாண்டியிருந்தது. கட்டியை வெட்டியெடுத்த ஓரங்களில் மை பூசிப் பார்த்ததில் எங்கும் புற்று இல்லை, எல்லாம் சுத்தம். இரண்டாம் நிலை, முழுவதும் எடுத்தாயிற்று. மேற்கொண்டு மருந்து வேண்டாம், தவறாமல் ஸ்கேன் மட்டும் போதும் என்றார்கள்.

"ரெண்டுதானா?" என்றார் அண்ணன், பேரத்தில் தோற்றவர் போல. சிரியுங்கள், அவரும் அங்கே உட்கார்ந்து சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அன்பர்களே, எங்களை மகிழ்விக்க ஒன்று என்று எழுதியிருந்தால், ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஒழுங்காகப் போயிருப்போமா? அச்சம் நான்கு என்றது. ஆசை ஒன்று என்றது. ஆய்வு இரண்டு என்றது. அந்த இரண்டைப் பற்றிக்கொண்டு நான்கு ஆண்டுகளாக நலமாக இருக்கிறோம்.

சற்று முன் அந்த ஆய்வக அம்மாவை மேடைக்கு அழைக்கக் கீழே போனேன். நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "ஒரு தகடு சந்தேகமா இருக்கு. பார்த்துட்டு வர்றேன், நீங்க ஆரம்பிங்க."

யாருடைய தகடோ தெரியாது. அவர் நிதானமாகவே வரட்டும். இத்தனை நேரம் செவி தந்த உங்களுக்கு என் நன்றியும் வணக்கமும்.