பச்சை பிடித்த கிண்ணங்கள்

என் பெயர் காத்தாயி, வயது 47, கணவர் பெயர் ரத்தினவேல். அன்னவாசல் மேலத்தெருவில் குடியிருந்து வருகிறேன். நான்கு வருடமாக எங்கள் ஊர் சத்யா மேடத்தின் கொட்டகையில் கூலி வேலை பார்க்கிறேன். அவித்த கம்பிலும் தவிட்டிலும் காளான் விதையைக் கலந்து அச்சில் அடைத்து வைத்தால், ஏழெட்டு நாளில் வெள்ளைப் பூசணம் நூல் நூலாக ஓடிக் கிண்ணமாக இறுகிவிடும். அதைச் சூட்டடுப்பில் காயவைத்து விசேஷ வீடுகளுக்குக் கொடுக்கிறோம். சுண்டலைத் தின்றுவிட்டுக் கிண்ணத்தையும் தின்றுவிடலாம்.

கடந்த வெள்ளிக்கிழமை அச்சுகளைத் திறந்தபோது அறுபது கிண்ணங்களில் பச்சைப் பூசணம் பிடித்திருந்தது. மேடம், "இது விஷம்க்கா, அடுப்புல வச்சாலும் போகாது. குழியில கொட்டி மண்ணத் தள்ளிருங்க" என்று சொல்லிவிட்டுப் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினார். எனக்கு மனசு வரவில்லை. ஊறுகாயில் பூசணம் பிடித்தால் மேலாக வழித்துவிட்டு, வெயிலில் வைத்துத் தின்று வளர்ந்த உடம்பு இது. படித்த பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் பயப்படும் என்று நினைத்தேன். அதன் பிறகு உப்புத்தண்ணீர்த் துணியால் பச்சையைத் துடைத்து, வெயிலில் உலர்த்தி, நல்ல கிண்ணங்களோடு கலந்து அடுப்பில் ஏற்றிவிட்டேன். மறுநாள் மேடம், "கொட்டியாச்சாக்கா?" என்று கேட்டதற்கு, "கொட்டியாச்சு மேடம்" என்றேன். என் நாக்கு அழுகிப்போக.

நேற்று மதியம் குணசேகரன் வீட்டுக் காதுகுத்தில் அந்தக் கிண்ணங்களில் சுண்டல் கொடுத்தார்கள். பெரியவர்கள் கிண்ணத்தைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். பிள்ளைகள்தான் ஆசையாகக் கடித்துத் தின்றன. சாயங்காலம் மூன்று பிள்ளைகளை வாந்தியோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இன்று காலை போலீஸார் கொட்டகைக்கு வந்து மேடத்தை விசாரணைக்கு அழைத்தார்கள். அவர், "எல்லாம் நான்தான் சார் பாத்தேன். அக்கா கூலிக்கு வர்றவங்க, அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். நான் பயத்தில் கொட்டகைக்குள் ஒதுங்கிக்கொண்டேன்.

ஜீப் போன பிறகுதான் இன்னொன்று உறைத்தது. அதே கிண்ணங்களில் ஒரு பெட்டியை நேற்றுக் காலை நானே திருமயம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அங்கே ஒரு நர்சரிப் பள்ளியில் இன்று விழா. பதினோரு மணிக்குப் பிள்ளைகளுக்குச் சுண்டல். பள்ளி எந்தத் தெரு என்றுகூட எனக்குத் தெரியாது. அந்தப் பள்ளி இன்னாசியம்மாள் டீச்சரின் நம்பர் மேடத்தின் போனில் இருக்கிறது. அந்தப் போனை ஸ்டேஷனில் வாங்கி வைத்திருக்கிறார்கள். ஆகவே இங்கே ஓடி வந்து அதைத்தான் முதலில் சொன்னேன். ஏட்டய்யா, "மொதல்ல பேரு, வயசு சொல்லும்மா. நடந்தத வரிசையா எழுதுனாத்தான் செல்லும்" என்றார். அதனால் வரிசையாகச் சொன்னேன்.

மேலே எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். அத்தனையும் நான் சொன்னது, அத்தனையும் உண்மை. தப்பு என்னுடையது, மேடத்துடையது அல்ல. என்னை உள்ளே வைத்தாலும் சரி. "ஐயா, அந்த டீச்சருக்குப் போன் போடுங்கய்யா" என்று கேட்டுக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) காத்தாயி

பதிவு செய்தவர்: ஆவுடையப்பன், தலைமைக் காவலர்
முடித்த நேரம்: காலை 11.05