வாய்க்குள் ஒரு பச்சை மணி

— இதுக்கே என்னைக் கூட்டிக்கொண்டு வந்தனீர், செலீன்? கால் உளையுது. முந்தநாள்தான் அப்பாவை எரிச்சது.

— கொஞ்சம் நில்லுங்கோப்பா. இந்த மியூசியத்திலை நான் ஒவ்வொரு நாளும் துடைக்கிற கண்ணாடி இது. உள்ளுக்கை பாருங்கோ.

— பச்சைக் கல்லு. மாலை, தோடு. அந்தக் காலத்து மெக்சிக்கோப் பக்கத்து மாயா ஆக்களின்ரை நகையள். பாத்தாச்சு. வாரும், மெட்ரோவுக்குப் போவம்.

— அவைக்குப் பொன்னைவிட இந்த ஜேட் கல்லுத்தானாம் பெரிசு. தோட்டைப் பாருங்கோ, பூ மாதிரிச் செதுக்கிக்கிடக்கு.

— எனக்கு இண்டைக்கு ஒண்டும் ஏறாது. பின்னேரம் அம்மாவுக்கு ரெலிபோன் எடுக்கோணும். என்ன கேப்பா எண்டு தெரியும்தானே?

— "வாய்க்கரிசி போட்டனியே, ஸ்ரீதரன்?" எண்டு கேப்பா.

— என்னத்தைச் சொல்ல? சவத்தை ஆயத்தப்படுத்துற மலர்ச்சாலைக்காரர் அப்பான்ரை வாயைத் தைச்சு மூடிப்போட்டாங்கள். நான் போட்ட அரிசி உதட்டிலை பட்டு, போட்டிருந்த கோட்டிலை உருண்டு, பெட்டிக்குள்ளை கொட்டுண்டு போச்சு. "டெசோலே, முசியே" எண்டு மன்னிப்புக் கேட்டான். அவன்தான் என்ன செய்வான்? அம்மா, விசா கிடைக்காமல் யாழ்ப்பாணத்திலை தனிய இருக்கிற மனுசி. பொய் சொல்ல மனம் வரேல்லை. உண்மையைச் சொன்னா உடைஞ்சுபோவா. களைச்சுப்போனன், செலீன்.

— அந்த மூலையிலை ஒரு சின்ன மணி. தெரியுதே?

— பயறு அளவிலை. அதுக்கென்ன?

— செத்தவரின்ரை வாய்க்குள்ளை இருந்து எடுத்தது. அரைச்ச சோளமும் இப்பிடிக் கல்லும் வாய்க்குள்ளை வைச்சுத்தான் அடக்கம் செய்வினமாம். போற இடத்திலை பசி கிடக்கக்கூடாதாம். கீழை பிரெஞ்சிலை எழுதிக்கிடக்கு.

— எங்கடை வாய்க்கரிசி மாதிரித்தான். குடுத்துவைச்ச ஆக்கள். அவையின்ரை வாயை ஒருத்தரும் தைக்கேல்லை.

— போன மாதம் இதைத் துடைக்கேக்கை எனக்கும் அதுதான் ஓடினது. என்னோடை வேலை செய்யிற றொஷினியின்ரை தாய்க்கும் இங்கை அப்பிடித்தானே செய்தவை. மலர்ச்சாலைக்காரர் வரமுன்னம் போட்டாத்தான் உண்டு. பேந்து ஏலாது.

— ஆர் போடுறது? நான் டோர்வல் எயார்போட்டிலை பிளேனுக்குப் பெட்டி ஏத்திக்கொண்டு நிண்டனான். அப்பா கண்ணை மூடேக்கை ஆஸ்பத்திரியிலை நீர் மட்டும்தானே.

— ஓம். நான் மட்டும்தான்.

— சேர்ச்சுக்குப் போற வேதக்காரியின்ரை கையாலை தின்னமாட்டன் எண்டு, எங்கடை வீட்டிலேயே இருந்துகொண்டு, தனிச்சட்டியிலை கஞ்சி காய்ச்சிக் குடிச்ச மனுசன். நீர் அவிச்ச முட்டையைக்கூடத் தொடேல்லை. எனக்கு அது எவ்வளவு வெக்கம் தெரியுமே?

— அதை விடுங்கோப்பா. வாய்க்கரிசி போட்டாச்சு எண்டு மாமிக்குச் சொல்லுங்கோ.

— பொய் சொல்லச் சொல்லுறீரோ?

— பொய்யில்லை. ஆர் போட்டதெண்டு மட்டும் சொல்லவேண்டாம், அவ தாங்கமாட்டா. அண்டைக்கு நேர்ஸ் அங்காலை போகவிட்டு, என்ரை பைக்குள்ளை கொண்டுபோன அரிசியை எடுத்தனான். மாமான்ரை வாய் திறந்துதான் கிடந்தது. முதல்முதலா என்ரை கையாலை வாங்கினவர்.